உரிமம் உள்ள கருடன்

மணற்குறிச்சி வானத்தில் ஒரு காற்றாடி விடுவதென்றாலும் முதலில் வாயிலோனிடம் கேட்க வேண்டும்.

வாயிலோன் ஆள் இல்லை. ஊருக்கு வடக்கே இருக்கும் விமானப்படைப் பயிற்சித் தளத்தைச் சுற்றி எட்டுக் கிலோமீட்டர் வானத்தைக் காவல் காக்கும் ஒரு கணினி நிரல். பார்ப்பதற்கு அதற்கு ஊரெங்கும் கம்பங்களில் கண்கள். பேசுவதற்கு எல்லார் கைப்பேசியிலும் ஒரு குரல். அனுமதி வாங்கிப் பறப்பதற்கு அது வழி விடும். அனுமதி வாங்காமல் பறப்பதன்மேல், மனிதக் காதுக்கு எட்டாத ஓர் ஒலியைப் பாய்ச்சும். பறவைகள் அனுமதி வாங்குவதில்லை.

ஆகவே ஒன்பது வருடமாக மணற்குறிச்சியில் காக்கை கிடையாது. அமாவாசைக்குச் சோறு வைக்கிறவர்கள் பஸ் ஏறி ஆற்றுக்கு அக்கரை போய் வைத்துவிட்டு வந்தார்கள். கூப்பிட்ட குரலுக்கு வந்த பழைய காக்கைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழகிப் போனால் எந்த மௌனமும் இயற்கைபோல ஆகிவிடும்.

இந்த ஏற்பாட்டில் குறையொன்றும் காணாத ஒரே ஆள் சண்முகவடிவு. அவள் ட்ரோன் ஓட்டுகிறவள். வாழைத் தோட்டங்களுக்கு மருந்து தெளிப்பது தொழில். சுற்றுவட்டாரத்தில் உரிமம் வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். ஒரு விதிமீறல் என்றாலும் உரிமம் ஐந்து வருடத்துக்குப் போய்விடும் என்பது சட்டம். ஏழு வருடத்தில் அவள்மேல் ஒரு விதிமீறல்கூட இல்லை. நாற்பத்தொரு வயதில் தனியாக வாழ்கிற ஒருத்திக்குத் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

அறங்காவலர் கொம்பையா அவள் வீட்டுக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வந்தவர் உட்காரவில்லை.

“ஏளா வடிவு, கருடன் ஒண்ணு வேணும்.”

“கருடனா? என்கிட்டயா?”

“பின்ன யார்கிட்ட கேக்க? நீதான வானத்துல வண்டி ஓட்டுத.”

விஷயம் அவளுக்கும் தெரிந்ததுதான். திருமூலநாதர் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வருகிறது. கோபுரத்து உச்சியில் குருக்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பார். கருடன் வந்து மூன்று சுற்றுச் சுற்றினால்தான் கலசத்தில் தண்ணீர் ஊற்றுவார். அதுதான் சாமியின் சம்மதம். சம்மதம் சொல்ல வேண்டியவரை ஒன்பது வருடத்துக்கு முன்பே விரட்டியாகிவிட்டது.

“சிவன் கோயிலுக்குப் பெருமாளோட வண்டி எதுக்கு அண்ணாச்சி? பேசாம ரிஷபத்தக் கொண்டாந்து நிறுத்துங்க.”

“கிண்டலா பேசுத? ஐயாயிரம் சனம் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கும். கருடன் வரலைன்னா, கொம்பையா நிர்வாகத்துல சாமியே ஊர விட்டுப் போயிட்டாருன்னு சொல்லுவானுவ. ஏற்கெனவே சொல்லுதானுவ.” குரலைத் தணித்தார். “கோயில் நிலத்து வாழை பூராவும் உன் கையிலதான இருக்கு. நான் யாருக்கும் மாத்திக் குடுக்கலைல்லா?”

வடிவு அவரைப் பார்த்தாள். அவர் வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். பிறகு மறுபடியும் சரிசெய்தார்.

“செஞ்சு தாரேன். ஆனா எல்லாம் சட்டப்படிதான். வாயிலோன்கிட்ட ஒரு பொய் சொல்ல மாட்டேன்.”

“உண்மையச் சொல்லிப் பொய்க் கருடன் விடப் போறியாக்கும். சரி, நல்லா இருக்கு.”

அன்று மத்தியானமே அவள் விண்ணப்பித்தாள். வாயிலோன் எப்போதும் அச்சடித்த தமிழில்தான் பேசும்.

“பறப்பின் நோக்கம்? மருந்து தெளிப்பு, நில அளவை, படப்பிடிப்பு, பிற.”

“பிற.”

“விவரிக்கவும்.”

“கருடனா சுத்தணும்.”

சற்று நேரம் பதில் இல்லை. வாயிலோன் யோசிக்கிறதா, அல்லது யோசிப்பதுபோல் இருந்தால் மனிதர்களுக்குப் பிடிக்கும் என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா என்று வடிவு பலமுறை நினைத்ததுண்டு.

“எத்தனை சுற்று?”

“மூணு.”

“திசை?”

“வலமா. சாமி சுத்துத மாதிரி.”

“ஊர்தி பறவையின் தோற்றம் கொண்டதா?”

“ஆமா. செம்பருந்து. தலை வெள்ளை, இறக்கை செங்கல் நிறம். இறக்கைய அசைச்சே பறக்கும்.”

“பறவைத் தோற்றத்துக்குத் தடை இல்லை. ஆனால் இறக்கையின் அடியில் பதிவெண் எழுதப்பட்டிருக்க வேண்டும். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிய வேண்டும். உங்கள் நேரம் காலை ஒன்பது நாற்பத்திரண்டு முதல் ஒன்பது ஐம்பத்தொன்று வரை. அந்த ஒன்பது நிமிடமும் உங்கள் ஊர்தியைச் சுற்றி விரட்டும் ஒலி நிறுத்தப்படும். அது ஊர்தியின் சமநிலையைக் கெடுக்கும் என்பதால்.”

கொம்பையாவிடம் இதைச் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “முகூர்த்தத்த ஆகாசத்துக்காரன் குறிச்சுக் குடுக்கான். கருடனுக்கு நம்பர் பிளேட்டு. இதுல சிவப்பு லைட்டு வேறயா? அது என்ன பஸ்ஸா?”

குருக்கள்தான் வழி சொன்னார். “விளக்கக் கண்ணுல வச்சுடுங்கோ. சிவந்த கண்ணுன்னு சொல்லிக்கலாம்.”

கும்பாபிஷேகத்தன்று ஒன்பது நாற்பத்திரண்டுக்கு மடப்பள்ளிக்குப் பின்னாலிருந்து வடிவு கருடனை எழுப்பினாள். சரியாக அறுபது மீட்டர் உயரம். கண் சிவந்து சிவந்து அணைந்தது. கூட்டத்தில் முதலில் ஒரு குழந்தை கையை நீட்டியது. அப்புறம் ஐயாயிரம் கை. “அந்தா! அந்தா!” கொட்டுமேளம் உச்சத்துக்குப் போயிற்று. பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இரண்டு நாளைக்கு முன் அதன் இறக்கையில் பதிவெண் ஒட்டிக் கொடுத்த ஸ்டிக்கர் கடைக்காரரும் கன்னத்தில் போட்டுக்கொண்டதை வடிவு பார்த்தாள். அவர் நடிக்கவில்லை. அது அவளை என்னவோ செய்தது.

முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றின் பாதியில், ஆற்றுப் பக்கத்திலிருந்து இன்னொன்று வந்தது.

அவள் முதலில் அதைத் திரையில் விழுந்த தூசி என்று நினைத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒன்பது நிமிடம் திறந்துகிடந்த வானத்தில், ஒரு நிஜச் செம்பருந்து வந்துகொண்டிருந்தது. தன் எல்லைக்குள் வேறொருவன் சுற்றுவதை எந்தப் பருந்தும் பொறுப்பதில்லை. அது மேலே ஏறி, இறக்கையை ஒடுக்கி, கல் விழுவதுபோல் விழுந்து, ஒரே அடி.

வடிவின் கருடன் ஓர் இறக்கை முறிந்து, சுழன்று சுழன்று மடப்பள்ளிக் கொல்லையில் வந்து விழுந்தது. அங்கே நின்றிருந்த கொம்பையா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டு, அதன் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். துண்டுக்கடியில் கண் மட்டும் சிவந்து சிவந்து அணைந்துகொண்டிருந்தது.

“பாத்தியா,” என்றார் மூச்சிரைக்க. “சாமி கள்ளனப் பிடிச்சுக் குடுத்துட்டாரு.”

மேலே, நிஜக் கருடன் கோபுரத்தைச் சுற்றியது. இடமாகச் சுற்றியது. யாரும் திசையைக் கவனிக்கவில்லை.

அப்போது கைப்பேசியில் குரல் வந்தது.

“உங்கள் ஊர்தியின் சமிக்ஞை நின்றுவிட்டது. என் கண்ணுக்கு அது வானில் தெரிகிறது. உறுதிப்படுத்தவும். வானில் உள்ளது உங்கள் ஊர்தியா?”

வடிவு அண்ணாந்து பார்த்தாள்.

‘இல்லை’ என்றால், பயிற்சித் தளத்தருகே ஊர்தி விழுந்த குற்றம். உரிமம் போகும். அதோடு அடுத்த நொடியே அந்த ஒலி பாயும். அது பாய்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆரம்பத்தில், தோட்டத்தில் மைனாக்கள் விழுந்ததைப் பார்த்திருக்கிறாள். அவை சாகவில்லை. தரையில் கிடந்து, எந்தப் பக்கம் மேலே என்று தெரியாமல் திரும்பத் திரும்பப் புரண்டன. இப்போது இது கலசத்தின்மேல் விழும். குடத்தோடு நிற்கும் குருக்களின் காலடியில், ஐயாயிரம் பேர் பார்க்க.

“ஆமா. என்னுதுதான்.”

“பதிவெண் தெரியவில்லை.”

“வெயிலுக்கு எதிர்ல இருக்குல்லா.”

“ஏற்கப்பட்டது.”

குருக்கள் குடத்தைக் கவிழ்த்தார். தண்ணீர் வெயிலில் வளைந்து இறங்கியது. கூட்டம் ஒரே குரலில் கத்தியது. வடிவு கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் பிடித்தபடி, எதையுமே கட்டுப்படுத்தாமல் நின்றாள். உரிமத்துக்காகச் சொன்னாளா, பறவைக்காகச் சொன்னாளா? அன்றிரவு வெகுநேரம் யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே பொய் போதுமானதாக இருந்ததுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் காலை கோயில் வாழைக்கு மருந்தடிக்கப் புறப்பட்டாள். இலைப்புள்ளி நோய் பரவத் தொடங்கியிருந்தது. வாயிலோன் அனுமதி மறுத்தது.

“உங்கள் ஊர்தி ஒன்று வானில் உள்ளது. ஓர் உரிமத்துக்கு ஓர் ஊர்தி.”

“இன்னுமா சுத்துது?”

“ஆற்றுமேட்டு மருதமரத்துக்கு மேல், எண்பது மீட்டர். உங்கள் நேரம் கடந்துவிட்டது. ஆனால் வானில் இருக்கும் ஊர்திக்கு இடையூறு செய்யக் கூடாது என்பதே முதல் விதி. அதைச் சுற்றி ஒலியை நிறுத்தி வைத்திருக்கிறேன். மின்கலம் எவ்வளவு மீதம்?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அது தானா ஏத்திக்கிடும்.”

“எதைக் கொண்டு?”

“ஆத்துல கிடைக்கிறதக் கொண்டு.”

“ஏற்கப்பட்டது.”

அதில் பொய் எதுவும் இல்லை என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். சொன்ன பொய் ஒன்றுதான். மற்ற எல்லா உண்மையும் அதற்கு வேலை செய்துகொண்டிருந்தது.

கும்பாபிஷேகம் முடிந்து மூன்றாம் நாள் வாசலில் தளத்து ஜீப் வந்து நின்றது. இறங்கியவள் பறப்புப் பாதுகாப்பு அதிகாரி, ஸ்குவாட்ரன் லீடர் எஸ்தர். முப்பது வயதைத் தாண்டியவள். ஊர் ஆம்பூர்ப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது.

“சண்முகவடிவு நீங்கதானா? உங்க பேரை மூணு நாளா என் பசங்க தூக்கத்துலகூட சொல்றாங்க.”

“என் பேரயா?”

“பயிற்சிக்குப் போற ஒவ்வொரு விமானத்துலயும் வாயிலோன் சொல்லுதுங்க. ‘இடப்பக்கம் சண்முகவடிவு, நானூறு அடி. சண்முகவடிவு திரும்புகிறார். சண்முகவடிவுக்கு வழி விடவும்.’ நேத்து ஒருத்தன், சண்முகவடிவு மீன் சாப்பிடுறாங்கன்னு ரேடியோவுல சொல்றான்.”

வடிவு எழுந்து உள்ளே போய், ஒரு சாக்கைக் கொண்டுவந்து தரையில் கொட்டினாள். முறிந்த இறக்கையில் பதிவெண் தெளிவாகத் தெரிந்தது.

எஸ்தர் அதைப் பார்த்தாள். உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தெருவில் ஒரு மீன்காரரின் வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று.

“ஒன்பது வருசம் முன்னாடி என்கூடப் பயிற்சியில இருந்தவன் ஒருத்தன்,” என்றாள் எஸ்தர். “ஹர்மீத்னு பேரு. இருபத்திரெண்டு வயசு. எஞ்சினுக்குள்ள பருந்து போயிடுச்சு. விசாரணைக்கு வந்தவங்க, என்ன செய்யலாம்னு எங்க எல்லாரையும் கேட்டாங்க. பறவையே இருக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தேன். அழுதுகிட்டே எழுதினேன். அந்த ஒலி என் யோசனைங்க.”

வடிவு நிமிர்ந்தாள். “நான் சொன்ன பொய்யால, உங்க பிள்ளைகள்ல யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தா?”

“அதைத்தான் மூணு நாளா உக்காந்து பார்த்தேன். ஒண்ணும் ஆகல. ஒலி வந்தப்புறம் மோதல் குறைஞ்சுதான் இருக்கு, ஆனா நிக்கல. வழி தவறி உள்ள வந்த பறவை ஒலி பட்டதும் எந்தப் பக்கம் பாயும்னு அதுக்கே தெரியாது. போன மாசம் ஒரு கொக்கு நேரா ஓடுபாதைக்கே வந்து விழுந்துச்சு. உங்களுது அப்படி இல்ல. எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியுது. பேரு இருக்கு, வழி விடுறாங்க.” அவள் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். “ஆனாலும் இது சட்டப்படி முடியணும். இறங்கிடுச்சுன்னு சொல்லிடுங்க. உங்க உரிமத்துக்கு ஒண்ணும் வராது. நான் எதையும் பார்க்கல.”

“சொன்னா ஒலி பாயும்லா?”

எஸ்தர் தரையைப் பார்த்தாள். “பாயும்.”

தோட்டத்தில் புள்ளி விழுந்த இலைகள் வடிவுக்கு நினைவு வந்தன. இன்னும் ஒரு வாரம் போனால் தார் தேறாது; அடுத்த வருடம் கோயில் நிலம் அவளிடம் இருக்காது. அவள் கைப்பேசியை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

“வாயிலோனே, என் ஊர்தி தரையிறங்கிட்டு.”

“மறுக்கப்படுகிறது. உங்கள் ஊர்தி இப்போது ஆற்றுமேட்டுக்கு மேல் நூற்றிருபது மீட்டரில் உள்ளது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.”

இரு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எஸ்தரின் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். “அது என் ஊர்தி இல்ல. நிஜப் பருந்து. என்னுது அன்னைக்கே விழுந்துட்டு.”

வாயிலோன் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது.

“மூன்று நாட்களுக்கு முன் அது உங்களுடையது என்றீர்கள். இன்று இல்லை என்கிறீர்கள். இரண்டில் ஒன்று பொய். எது என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் உரிமம் ஐந்து ஆண்டுக்கு ரத்தாகும்.”

“தேர்ந்தெடுக்கலைன்னா?”

“தேர்ந்தெடுக்கும்வரை பழைய பதிவே செல்லும். பறப்பு தொடரும். உரிமமும் தொடரும். அதுவரை நீங்கள் வேறு ஊர்தி ஓட்ட முடியாது.”

“எவ்வளவு நேரத்துக்குள்ள பதில் சொல்லணும்?”

“விதியில் காலக்கெடு குறிப்பிடப்படவில்லை.”

செம்பருந்து எத்தனை வருடம் வாழும் என்று வடிவுக்குத் தெரியாது. இருபது, முப்பது? உரிமம் சுத்தமாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு வாழைக்கும் மருந்தடிக்க முடியாது. எத்தனையோ வருடமாக அவள் சரியான பதிலைச் சரியான நேரத்தில் சொல்லி வாழ்ந்தவள். முதல் தடவையாக, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிடம் போயிற்று. ஐந்து நிமிடம் போயிற்று. எஸ்தர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வெயில் முற்றத்தில் ஒரு சாண் நகர்ந்தது. பேசாமலிருப்பதும் இவ்வளவு பெரிய வேலை என்று வடிவு அறிந்ததில்லை.

“பறப்பு தொடர்கிறது,” என்றது வாயிலோன். பிறகு, “ஓர் அறிவிப்பு. உங்கள் ஊர்தியின் அருகே அதே வகையைச் சேர்ந்த இரண்டாவது ஊர்தி ஒன்று, இருபது நிமிடமாகப் பறக்கிறது. இரண்டும் சுள்ளி சுமந்து செல்கின்றன. இரண்டாவதற்குப் பதிவு இல்லை. அது விலகியதும் ஒலி செலுத்தப்படும். அதற்கு முன் உரிமை கோருபவர் உண்டா?”

வடிவு கையை விரித்தாள். ஓர் உரிமத்துக்கு ஓர் ஊர்தி.

எஸ்தர் கைப்பேசியின் பக்கம் குனிந்தாள். தன் பணி எண்ணை முழுதாகச் சொன்னாள். குரல் அதிகாரமாகத்தான் ஆரம்பித்தது, முடியும்போது கரகரத்தது.

“அது என்னுது.”

“நோக்கம்?”

அவள் சற்று யோசித்தாள். “பிற.”

“ஏற்கப்பட்டது.”

கோயில் வாழைக்கு அந்த முறை கைத்தெளிப்பான்தான். கொம்பையாவே ஆள் பிடித்து, அவர்களோடு தோட்டத்தில் நின்று அடிக்க வைத்தார். பாதித் தார்தான் தேறியது. ஆனால் அதற்கு அடுத்த மாதம், அதே கோயில் மண்டபத்தில் வடிவு ஒரு வகுப்பு ஆரம்பித்தாள்: ட்ரோன் உரிமத் தேர்வுக்குப் பயிற்சி. இந்தப் பக்கத்தில் விதிகளை அவளைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. முதல் நாளே அறுபத்தேழு பேர் வந்தார்கள். மண்டபத்தில் இடம் போதாமல் பாதிப் பேர் படியில் உட்கார்ந்தார்கள்.

முன்வரிசையில் கொம்பையா, புது நோட்டுப் புத்தகத்தோடு.

“ஏளா, சிட்டுக்குருவிக்கும் பரீட்சை உண்டா?”

“இருநூத்தம்பது கிராமுக்குக் கீழ உள்ளதுக்குப் பரீட்சை வேண்டாம் அண்ணாச்சி. பதிவு மட்டும் போதும்.”

“மயிலுக்கு?”

“நாலு கிலோ வரும். அதுக்கு எழுதணும்.”

“ஆந்தைக்கு?”

“ராத்திரிப் பறப்புக்குத் தனி அனுமதி. அது ஆறாம் பாடம். அவசரப்படாதிய.”

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். அதற்கப்புறம் வடிவு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விண்ணப்பம் நிரப்பினாள். பெயர், வயது, முகவரி. ஊர்தி இருக்கிறதா என்பது நான்காவது கேள்வி. முதலில் வந்தவர் கீழத்தெருவில் தையற்கடை வைத்திருக்கும் பேச்சியம்மாள்.

“ஊர்தி இருக்காக்கா?”

பேச்சியம்மாள் மண்டபத்துக்கு வெளியே, காலியான ஆகாயத்தைப் பார்த்தாள்.

“இன்னும் வரலம்மா.”

வடிவு அதையே எழுதினாள்.